மணக்காத நக மெழுகு

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறுவை நின்றுபோனது.

பிற்பகல் நேரம். பனி மலையை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இருபது பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். நான் நிறுத்து முடித்த சாக்கு ஒன்றைத் தோளில் ஏற்றி, லொறிக்குப் போகும் வழியில் இருந்தேன்.

டீ மேக்கர் ஐயா மடுவத்துக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. பெக்டரியை விட்டு அசையாத மனிதர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, பெரிய மூக்கு. அந்த மூக்கை நம்பித்தான் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெட்டிக்குள் போகிறது.

அன்றைக்கு வந்தார். முதல் கூடைக்குள் கையை விட்டார். ஒரு பிடி கொழுந்தை எடுத்து முகத்தில் வைத்தார். கண்ணை மூடினார்.

"இதுதான்" என்றார். "நேற்றைய தேயிலை முழுக்க இந்த மணம். தடிமனுக்கு ஆவி பிடிக்கிற தண்ணி மாதிரிக் கிடக்கு. ஆர் செய்த வேலை இது?"

ஐயா வரிசையாகக் கைகளை மோந்து பார்க்கத் தொடங்கினார். சரசு தன் கையைப் படங்குக்குள் மறைத்தாள். இடுப்பில் கட்டும் அந்தச் சாக்குத் துணிக்கு அப்படியும் ஒரு பயன் இருந்தது. அவளுக்கு அடுத்து நின்றவள் என் மனைவி பாக்கியம். அவள் மறைக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினாள்.

அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் சாக்கோடு நின்றேன்.

பெருவிரல்

கொழுந்து எடுப்பது இரண்டு விரல் வேலை. பெருவிரலும் ஆள்காட்டி விரலும். நகத்தால் கிள்ளக் கூடாது, விரலால் ஒடிக்க வேண்டும் என்று பழக்கும்போது சொல்லிக் கொடுப்பார்கள். மழையில் விறைத்த விரலுக்கு அதெல்லாம் நினைவிருக்காது. நகம் தானாக முன்னே வந்துவிடும்.

கொழுந்துப் பால் நகத்தில் ஊறினால் கறுக்கும். நகத்தைச் சுற்றியுள்ள தோல் காய்ந்து வெடிக்கும். வெடிப்புக்குள்ளும் கறை இறங்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை பாக்கியம் கொழுந்து எடுத்தாள். புளிக்கும் தேசிக்காய்த் தோலைப் போட்டுத் தேய்த்தும் கறை போகாமல், அதன் மேலேயே மருதாணி வைத்து விட்டார்கள். மணவறையில் அந்தக் கையைப் பிடித்தேன். தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தியின் பிடி மாதிரி இருந்தது. பழகிய பொருள் போலத் தோன்றியது. பயம் போய்விட்டது.

இதை அவளிடம் சொன்னதில்லை. இப்போது வாசித்துத் தெரிந்துகொள்வாள்.

நான் சொல்லும் வருடம் மழை விடவில்லை. அவளுடைய வலது பெருவிரலில் நகச்சுத்து வந்தது. நகத்தின் ஓரம் வீங்கி, சீழ் வைத்து, சோறு பிசைய முடியவில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் கீறிக் கட்டினார்கள். ஆறியது. இரண்டு கிழமையில் அதே இடத்தில் மறுபடியும் வந்தது. மூன்றாவது முறையும் வந்தால் நகத்தையே எடுக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள்.

கங்காணி அவளைப் புல்லு வெட்டப் போட்டார்.

புல்லு வெட்டுவது பெரிய கஷ்டமில்லை. ஆனால் ஆறாம் நம்பர் மலையில் பாக்கியத்துக்கு என்று ஒரு செடி நிரை உண்டு. நடு நிரை. சரிவு குறைவு. பக்கத்து நிரையில் சரசு. இரண்டு பேரும் அந்த இரண்டு நிரையில் ஏறிக்கொண்டே பதினெட்டு வருசம் கதை பேசியிருக்கிறார்கள். புல்லு மலையில் பேச ஆளில்லை.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்" என்றார் கங்காணி. "அதுக்கு மேல நிரையச் சும்மா விட முடியாது. புதுப்பிள்ளை ஒன்னு கேட்டுக்கிட்டு நிக்குது."

பாக்கியம் அழவில்லை. சாயங்காலம் சரசுவைக் கண்டால் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"இன்னைக்கு என் நிரையில யாரு ஏறுனா?"

வீடியோவில் வந்த பெண்

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் மகள் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். நகத்துக்கும் நகத்தோரத் தோலுக்கும் வீட்டிலேயே மருந்து செய்வது எப்படி என்று அதில் ஒரு பெண் காட்டினாள். பாதாம் எண்ணெய் என்றாள். ரோசாப்பூ எண்ணெய் என்றாள். ஏதோ ஆப்பிரிக்கா நாட்டு மரத்து வெண்ணெய் என்றாள். நோர்வூட் டவுனில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரர், "மார்ஜரின் இருக்கு, தரவா?" என்றார்.

வெறுங்கையோடு வந்து, வேறு வேலை இல்லாமல் கத்தியை எடுத்தேன்.

கவ்வாத்து இல்லாத மாதங்களில் கத்தி துருப்பிடிக்கும். அதற்காக மெழுகு பூசி வைப்போம். காட்டு மரத்தில் எடுக்கும் தேன்கூட்டின் மெழுகை உருக்கி, தேங்காய் எண்ணெயில் கலக்க வேண்டும். துணியில் தொட்டு அலகில் தேய்க்க வேண்டும். எனக்குத் துணி பிடிக்காது. விரலால் தேய்ப்பேன்.

அன்றைக்குத்தான் என் விரலைப் பார்த்தேன். தேய்க்கும் விரல் மட்டும் வெடிக்காமல் இருந்தது. நகத்தோரம் சின்னப் பிள்ளையின் நகத்தோரம் மாதிரி இருந்தது. மற்ற நாலு விரலும் மரப்பட்டை.

பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கத்தியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கத்திக்குப் பூசுறத எனக்குப் பூசப் போறீங்களா?"

"ம்."

"துரு புடிச்சா பூசுறது தானே? பூசுங்க."

செய்த விதம்

கேட்பவர்கள் இருப்பார்கள் என்று எழுதுகிறேன்.

சீழ் இருக்கும்போது எதையும் பூசக் கூடாது. மருந்துக் காம்பராவில் காட்டி, காய்ந்த பிறகுதான்.

முதல் சட்டி பிழைத்தது. கத்திக்குப் போடும் அளவில் மெழுகு போட்டேன். எங்கள் குளிருக்குத் தேங்காய் எண்ணெயே காலையில் கல்லாக இருக்கும். இரண்டும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஆனது. பாக்கியம் அதைக் கரண்டியால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் போகும்போது உதவும் என்று எடுத்து வைத்தாள். உதவியது.

இரண்டாவது சட்டியில் தேங்காய் எண்ணெயைப் பாதியாகக் குறைத்து நல்லெண்ணெய் சேர்த்தேன். ஆறு கரண்டி எண்ணெய்க்கு ஒரு கரண்டி மெழுகு. நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு, விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். வழுக்கினால் மெழுகு போதாது. உதிர்ந்தால் கூடிவிட்டது. விரலோடு வந்தால் சரி.

சாயங்காலம் இளஞ்சூட்டு அரிசி கழுவிய தண்ணீரில் விரலை ஊற வைப்பாள். நகத்தோரத் தோலை வெட்டக் கூடாது, ஊறியதும் துணியால் மெல்லப் பின்னால் தள்ள வேண்டும். நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையில் தோண்டக் கூடாது. துடைத்துவிட்டு மெழுகு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் தேய்த்து விடுவேன். இடது கையால் அவளுக்குச் சரியாக வராது.

நகம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுவரை தோட்டப் பள்ளிக்கூடத்தோடு சரி. திங்கட்கிழமை வாத்தியார் நகம் பார்ப்பார். அழுக்கு இருந்தால் அடிமட்டக் கோலால் ஒரு அடி. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டு வருசம். அடி வாங்கியதும் எட்டு வருசம்.

மாசக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது கங்காணி பாக்கியத்தின் விரலைப் பார்த்தார். வீக்கமில்லை. வெடிப்பில்லை. அடியிலிருந்து புது நகம் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அமுக்கிப் பார்த்தார். அவள் முகம் சுளிக்கவில்லை.

"சரி, நிரைக்குப் போ" என்றார்.

நான் செய்த பிழை

ஒரு வாரத்தில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் காலித் தைல டப்பாவோடு வந்து நின்றார்கள். ஆண்கள் எனக்கு நகச்சாயத்தின் பேரை வைத்தார்கள். கியூடெக்ஸ் முத்தையா. தண்ணீர்ப் பீலியில் குளிக்கப் போனால், "அண்ணே, நமக்குச் செவப்புக் கலர் ஒன்னு" என்று காலை நீட்டுவார்கள். நான் பதில் சொல்வதில்லை. காலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன்.

சரசுதான் குறை சொன்னாள்.

"அண்ணே, மருந்து நல்ல மருந்து. ஆனா கைய மோந்தா கோயில் விளக்குத் திரி மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல வந்து ரெண்டு கையையும் கூப்பிக் கும்புடுறாரு. கொஞ்சம் வாசமா ஏதாச்சும் போடுங்களேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் ஆசை வந்தது. நல்ல பேர் வாங்கியவனுக்கு இன்னும் நல்ல பேர் வேண்டும் போல.

நுவரெலியா ரோட்டில் யூகலிப்டஸ் தைலம் விற்பார்கள். ஒரு போத்தல் வாங்கி, சட்டிக்கு அரைக் கரண்டி விட்டேன். மூடியைத் திறந்தால் லயமே குளிர்ந்தது. பெண்களுக்கு ஏகப்பட்ட சந்தோசம். சாயங்காலம் மட்டும் பூசியவர்கள், வாசத்துக்காகக் காலையிலும் பூசிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

கொழுந்து எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். இது தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை லொறி டிரைவர் கொழுந்துச் சாக்குக்குப் பக்கத்தில் வெங்காய மூட்டையை ஏற்றினார். நான் இறக்கி ரோட்டில் வைத்தேன். அவரோடு கைகலப்பு வரைக்கும் போனது.

அப்படிப்பட்டவன் இருபது பெண்களின் கையில் தைலத்தைப் பூசி அனுப்பினேன். ஒரு நிமிசம்கூட அது தோன்றவில்லை.

சாக்கை இறக்கினேன்

மடுவத்தில் டீ மேக்கர் ஐயா பாக்கியத்தின் கையை மோந்தார். தலையை ஆட்டினார்.

"என்ன பூசினனீர்?"

"நகத்துக்கு மருந்துங்க."

"ஆர் தந்தது?"

பாக்கியம் என் பக்கம் திரும்பவில்லை. இருபது பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தியும் என் பேரைச் சொல்லவில்லை.

கங்காணிக்கு முகம் சிவந்திருந்தது. அவருடைய கொழுந்து பிழை என்று பெக்டரியிலிருந்து ஆள் வந்தது அதுவே முதல் தடவை.

"நாளையிலருந்து ஒருத்தி கையில ஒன்னும் பூசக் கூடாது" என்று சத்தம் போட்டார். "பூசாம முடியாதுன்னா புல்லுக்குப் போங்க. பாக்கியம், நீ நாளைக்கே போ. உன் நிரைய அந்தப் பிள்ளைக்குக் குடுத்துர்றேன்."

அவள் பெருவிரலைப் பார்த்தாள். அதுவரை நீட்டிக்கொண்டிருந்த கையை மடக்கிக்கொண்டாள்.

நான் சாக்கை இறக்கினேன்.

"நான்தாங்க செஞ்சேன்."

ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். தோளில் சாக்குத் தூசி. கையில் கவ்வாத்துத் தழும்பு. மூன்று நாள் தாடி.

"நீரே? நகத்துக்கு?"

"ஆமாங்க."

"பொய் சொல்லி மனிசியைக் காப்பாத்தப் பாக்கிறீர். எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லும் பாப்பம்."

சொன்னேன். கத்தியிலிருந்து தொடங்கினேன். மெழுகு எங்கே எடுப்பது, எத்தனை கரண்டி, தட்டில் சொட்டு விடுவது, அரிசித் தண்ணீர், நகத்தை நேராக வெட்டுவது, மெழுகுவர்த்தி ஆனது, விளக்குத் திரி மணந்தது, தைலம் விட்டது வரைக்கும். முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

சரசு பாக்கியத்தின் காதில் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. "ஏன்டி, இவருக்கு இவ்வளவு பேச வருமா?"

"நானும் இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றாள் பாக்கியம்.

முதலில் சிரித்தது டீ மேக்கர் ஐயாதான்.

பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "மருந்து பிழையில்லை. மணம்தான் பிழை. மணமில்லாமல் செய்துகொண்டு வாரும். என்ரை மூக்கு ஓமெண்டால் பூசட்டும். அதுவரைக்கும் கங்காணி சொன்னதுதான் சட்டம்."

மறுநாள் பாக்கியம் புல்லுக்குப் போனாள். கையில் எதுவும் பூசவில்லை.

நாலு நாள்

தைலத்தை விட்டுவிட்டு ஒரு சட்டி செய்து பெக்டரிக்குக் கொண்டு போனேன். ஐயா மூடியைத் திறக்குமுன்பே, "தேன்" என்றார். மெழுகின் மணம். மெழுகைச் சுடுதண்ணீரில் மூன்று தடவை கழுவி வடித்துக் கொண்டு போனேன். "எள்ளு" என்றார். நல்லெண்ணெயை விட்டுவிட்டுச் செய்தேன். "தேங்காய்" என்றார். அந்த மூக்குக்குத் தப்பி எதுவும் போகாது.

நாலாம் நாள் சாயங்காலம் மறுபடியும் மெழுகைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாக்கியத்தின் பெருவிரல் ஓரம் திரும்பவும் காயத் தொடங்கியிருந்தது. அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நாலு நாளா மெழுகையே கழுவுறீங்க. கையைக் கழுவுனா ஆகாதா?"

நான் சட்டியை இறக்கி வைத்தேன்.

அன்று சாயங்காலம் தைலம் சேர்க்காத பழைய மெழுகையே பூசினோம். விடிந்ததும் கடலை மாவு போட்டு, வெந்நீரில் இரண்டு தடவை கழுவினாள். எண்ணெய் போனது. தோல் மெத்தென்று இருந்தது. இரவெல்லாம் குடித்த பிறகு தோலுக்கு எண்ணெய் வெளியே தேவையில்லை.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கையை மோந்து பார்க்க மறுத்துவிட்டார்.

"கை வேண்டாம். கொழுந்தைப் பாப்பம். உம்மடை மனிசி ஒரு பிடி எடுக்கட்டும். கையில ஒண்டுமே பூசாத ஆள் ஒருவர் இன்னொரு பிடி எடுக்கட்டும். எது ஆரின்ரை எண்டு எனக்குச் சொல்லக் கூடாது."

"நானே எடுக்குறேங்க" என்றார் பக்கத்தில் நின்ற கங்காணி. "நான் எதையும் தொடுறதில்ல." சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மலையில் நல்ல செடியாகப் பார்த்து எடுத்தார்.

இரண்டு பிடியையும் மூடியுள்ள இரண்டு வெள்ளைக் கோப்பையில் போட்டு வைத்தார்கள். அடுத்த நாள் காலையில் நாங்கள் மூவரும் சுவரோரம் நின்றோம்.

ஐயா முதல் கோப்பையைத் திறந்தார். மூக்கை உள்ளே விட்டார். வெகு நேரம் வெளியே எடுக்கவில்லை.

"சுத்தம்" என்றார். "கொழுந்து மட்டும்தான் மணக்குது."

இரண்டாவதைத் திறந்தார். முகத்தைச் சட்டென்று பின்னால் இழுத்தார்.

"இது புகையிலை! வெத்தலையும் கிடக்கு, சுண்ணாம்பும் கிடக்கு. இதையே நான் தேயிலை எண்டு அனுப்புறது? ஆரின்ரை கொழுந்து இது?"

நான் கூரையைப் பார்த்தேன். பாக்கியம் தன் பெருவிரலைப் பார்த்தாள். கங்காணி வாயிலிருந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "அது என்னோடதுங்க" என்றார்.

"கங்காணி, உமக்கு மெழுகு வேண்டாம்" என்றார் ஐயா. "உமக்குக் கை கழுவச் சவுக்காரம் வேணும்."

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி வழக்கம்போல் பேரையும் வேலையையும் வாசித்தார். "பாக்கியம்" என்று நிறுத்தினார். பேர்க் கொப்பியைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். கையை நன்றாகக் கழுவியிருந்தார்.

"கொழுந்து" என்றார். "ஆறாம் நம்பர். நடு நிரை."

நான் வெறுஞ்சாக்குகளோடு மலையடிப் பாதையில் போனபோது அவள் நிரைக்குள் ஏறியிருந்தாள். சரசு அவள் கையை இழுத்துப் பிடித்து முன்னும் பின்னும் மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னுமே மணக்கலயேடி! இதுக்கா இவ்வளவு பாடு?"

"கைய விடுடி" என்றாள் பாக்கியம். "நிரை பிந்துது."